நெல்லையில் தொடர்பியல் படித்தால் வேலை எங்கே?

"விஸ்காம் படிச்சா டிவியில வருவியா?" திருநெல்வேலிப் பக்கம் தொடர்பியல் படிக்கும் எந்த மாணவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. கேட்பவர் பெரும்பாலும் சித்தப்பா, இல்லையென்றால் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. மாணவர் மனதிலும் அதே படம்தான் ஓடிக்கொண்டிருக்கும்: சென்னை, மைக், கேமரா, சினிமா. அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், இருக்கிறது. இப்படிப்பட்ட வகுப்புகளிலிருந்து வருடா வருடம் கேமராவும் எடிட்டிங்கும் தெரிந்த பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். ஆனால் கேமராவும் எடிட்டிங்கும் இன்று பிளஸ் டூ பையனுக்கே தெரியும். ஆகவே கருவி தெரிவதற்கென்று தனிச் சம்பளம் எதுவும் இனி வராது. கருவியோடு வேறு ஒரு விஷயத்தையும் ஆழமாகத் தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் வேலை கிடைக்கிறது. சட்டம், ஆறு, தொல்லியல், சைகை மொழி என்று அது எதுவாகவும் இருக்கலாம். அந்த விஷயங்களில் பலவும் தாமிரபரணிக் கரையிலேயே கிடைக்கின்றன.

ஊரை விட்டுப் போய்ப் பத்திரிகையில் பேர் வாங்குவது இந்தச் சீமைக்குப் பழைய வழக்கம். எட்டயபுரத்துப் பாரதி 1904-ல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். 1934-ல் தொடங்கிய தினமணியின் முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் தென்காசிக்காரர். நெல்லை இந்துக் கல்லூரியில் படித்த புதுமைப்பித்தனும் அதே தினமணியில் வேலை பார்த்தார். காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார் 1942-ல் தினத்தந்தியைத் தொடங்கியது மதுரையில். எதிர்த்திசையில் வந்தது தினமலர். 1951-ல் திருவனந்தபுரத்தில் ஆரம்பித்த அந்தப் பத்திரிகை, கன்னியாகுமரி மாவட்டம் 1956-ல் தமிழகத்தோடு இணைந்த பின், 1957-ல் திருநெல்வேலிக்கு இடம் மாறியது. வாசகர் இருக்கும் ஊரிலேயே பத்திரிகையை அச்சடிக்கலாம் என்ற அந்த யோசனையின் தொடர்ச்சிதான் இன்று நாம் பார்க்கும் மாவட்டப் பதிப்புகள்.

மாவட்டப் பதிப்பு என்றால் தாலுகாவுக்குத் தாலுகா நிருபர் வேண்டும். படித்து முடித்தவருக்கு முதலில் திறக்கும் கதவு இதுதான். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு உள்ளே போக வேண்டும். பகுதி நேர நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இருக்காது. பிரசுரமான செய்திக்கு இவ்வளவு, பிடித்துத் தரும் விளம்பரத்துக்கு இவ்வளவு கமிஷன் என்று ஓடும். காலையில் யாரிடம் பொங்கல் வாழ்த்து விளம்பரம் கேட்டோமோ, அவரைப் பற்றியே மாலையில் செய்தி எழுத நேரும். இந்தச் சிக்கலைப் பற்றி வகுப்பில் யாரும் பேசுவதில்லை, பேசத்தான் வேண்டும். இருந்தாலும் ஒரு வருடம் தாலுகா செய்தி எழுதியவருக்கு எஃப்.ஐ.ஆர். படிக்கத் தெரியும், கிராம நிர்வாக அலுவலர் யார், வட்டாட்சியர் யார், எந்தத் தாள் யாரிடம் நிற்கும் என்று தெரியும். பிறகு எந்த வேலைக்குப் போனாலும் அது கைகொடுக்கும்.

காசு செலவில்லாத பயிற்சிக் களம் ஒன்று கொக்கிரகுளத்தில் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். காலையிலேயே போய்விட வேண்டும். வாசலில் போலீஸார் பைகளைத் திறந்து பார்ப்பார்கள், தண்ணீர் பாட்டிலையும் முகர்ந்து பார்ப்பார்கள். மனு எழுதித் தருபவரிடம் ஒரு அம்மா தன் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். மகன் இறந்தது, மருமகள் பிரிந்தது, பட்டா மாறியது, ஓடை அடைபட்டது என்று பத்து நிமிடம் போகும். எழுதுபவர் அதிலிருந்து ஒரே விஷயத்தை எடுத்து, 'மேற்படி சர்வே எண்ணில் உள்ள ஓடைப் புறம்போக்கை' என்று நாலு வரியில் முடித்துவிடுவார். அந்தப் பத்து நிமிடத்துக்கும் நாலு வரிக்கும் இடையில் எது விழுந்தது, எது நின்றது என்று கவனித்து எழுதிப் பாருங்கள். செய்தி எழுதுவது, சுருக்குவது, அதிகார மொழியை மக்கள் மொழிக்கு மாற்றுவது மூன்றும் அங்கேயே பிடிபடும்.

பாட்டிலை முகர்ந்து பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்திருந்த ஒரு தொழிலாளி, மனைவியோடும் இரண்டு சின்னக் குழந்தைகளோடும் அந்த வளாகத்திலேயே தீக்குளித்தார். நால்வரும் இறந்தார்கள். எரியும் குழந்தையின் படம் வாட்ஸ்அப்பில் ஊரெங்கும் சுற்றியது. அதிகாரிகளைக் கேலி செய்து கார்ட்டூன் போட்டவர் கைது செய்யப்பட்டார். அந்தப் படத்தை எடுத்திருக்கலாமா, எடுத்தால் வெளியிடலாமா, கார்ட்டூன் எல்லை மீறியதா என்று இங்கே படிக்கும் ஒரு மாணவர் மூன்று கேள்விகளுக்கும் தன் பதிலைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இதழியல் அறம் என்று வெளிநாட்டு உதாரணங்களைப் படிப்பதற்கு முன்னால் இது முக்கியம். கூடவே சட்டம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்ப விவரம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்துக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு இருக்கிறது. யூடியூப் சேனல் வைத்திருப்பவருக்கும் இவை பொருந்தும். 'நாங்க பத்திரிகை இல்லையே' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

வானொலிப் பக்கம் போவோம். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 முதல் ஒலிக்கிறது. அறிவிப்பாளர்கள் எல்லாரும் நிரந்தர ஊழியர்கள் இல்லை. குரல் தேர்வில் தேறியவர்களைத் தற்காலிக அறிவிப்பாளர்களாக மாதத்தில் சில நாட்களுக்கு அழைப்பது வானொலி நிலையங்களில் நெடுநாள் நடைமுறை. அதை நம்பி வீட்டுக் கடன் வாங்க முடியாது. ஆனால் படிக்கும்போதே கிடைக்கக்கூடிய நல்ல பயிற்சி. குரல் தேர்வில் விழுபவர்கள் 'ழ' வராமல் விழுகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் கவனித்தவரை அதைவிடப் பெரிய தொல்லை மூச்சுதான். 'அம்பாசமுத்திரம் வட்டத்துக்குட்பட்ட பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம்' என்று ஒரே மூச்சில் ஓடி, 'நீர்மட்டம்' வரும்போது காற்று தீர்ந்துபோகும். எங்கே நிறுத்த வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டு வாசித்துப் பழகினால் சரியாகிவிடும்.

சூரியன், ஹலோ போன்ற தனியார் எஃப்.எம். நிலையங்களுக்கும் நெல்லையில் ஒலிபரப்பு உண்டு. அங்கே ஆர்.ஜே. என்றால் பேச்சு மட்டும் இல்லை. நகைக்கடை நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குவது, விளம்பரத்துக்கு நாலு வரி எழுதுவது, இன்ஸ்டாவில் ரீல் போடுவது எல்லாம் அதே ஆளின் தலையில் வரலாம். பக்கத்துத் தூத்துக்குடியில் அகில இந்திய வானொலியின் 200 கிலோவாட் மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பி ஒன்று இருக்கிறது. 1053 கிலோஹெர்ட்ஸில் அது இலங்கை வரை கேட்கும். மத்திய அலையை யார் கேட்கிறார்கள் என்று சிரிப்பவர்கள் 2023 டிசம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. மின்சாரம் போனது, செல்போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பேட்டரியில் ஓடும் ரேடியோவின் அருமை அப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரியும். வெளியூரில் இருந்த பிள்ளைகள் பெற்றோர் நிலை தெரியாமல் தவித்தார்கள். செய்தியைவிட வதந்தி வேகமாக ஓடிய நாட்கள் அவை. பேரிடர்க் காலத் தகவல் தொடர்பு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடையாது. அணையில் எவ்வளவு கன அடி திறந்தால் குறுக்குத்துறை முருகன் கோயில் எந்த மட்டம் வரை மூழ்கும் என்று நெல்லை டவுன்காரருக்குக் கண்ணாலேயே தெரியும். 'வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி' என்ற அரசு அறிவிப்பை அந்தக் கோயில் கணக்குக்கு மாற்றிச் சொன்னால் ஆற்றங்கரை வீட்டுக்காரர் உடனே மூட்டையைக் கட்டுவார். இப்படி மாற்றிச் சொல்லக்கூடிய ஆள் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்கும் தேவை, தொண்டு நிறுவனங்களுக்கும் தேவை. செல்போன் ஓய்ந்தாலும் தனிநபர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவும் ஹாம் ரேடியோவுக்கான உரிமத் தேர்வை எழுதி வைத்துக்கொள்வதும் வீண் போகாது.

ஒரு ஊருக்கோ சமூகத்துக்கோ என்று நடக்கும் சிறிய சமுதாய வானொலியும் இதே குடும்பம்தான். சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004-ல் வளாக வானொலி தொடங்கியது, 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. பாம்பனில் மீனவர்களுக்கென்று நடக்கும் கடல் ஓசை கேட்டுப் பாருங்கள். காற்று எப்படி, அலை எப்படி, இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா என்பதைத் தாண்டி, அந்த ஊர்ப் பேச்சிலேயே நிகழ்ச்சி நடக்கும்.

அடுத்த விஷயத்தில்தான் நெல்லைக்கு வேறு எந்த ஊருக்கும் இல்லாத வசதி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபுளோரன்ஸ் சுவைன்சன் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளி இன்றும் நடக்கிறது. அதே காலத்தில் அஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியும் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாகக் காது கேளாதவர்களும் பார்வை இல்லாதவர்களும் படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்தும் ஊர் இது. பாளை பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் கையால் பேசிக்கொண்டு நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் அணுகலை உரிமையாக்கியது. 2024 மார்ச்சில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. காது கேளாதவர்களுக்கு வசனத்தோடு ஓசையையும் எழுத்தில் காட்டும் வரிகள், பார்வை இல்லாதவர்களுக்குக் காட்சி விளக்க ஒலி, இவை இரண்டும் படிப்படியாகப் படங்களில் வந்தாக வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மொழியில் தணிக்கைக்கு வரும் படங்களிலிருந்து இது தொடங்குகிறது. தமிழில் ஒவ்வொரு வாரமும் எத்தனை படம் வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் இந்த வேலைக்கு எவ்வளவு ஆள் வேண்டும் என்பது புரியும். இதைச் செய்யத் தெரிந்தவர்களோ மிகக் குறைவு.

இந்த வேலை எப்படி இருக்கும் என்று ஒரு காட்சியை வைத்துப் பார்க்கலாம். படித்துறை. ஒருவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான், பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுக்கிறான், படிக்காமலே கிழித்து ஆற்றில் விடுகிறான். அடுத்த வசனத்துக்கு முன்னால் நாலு வினாடிதான் இடைவெளி. 'மாடசாமி மிகுந்த மனவேதனையுடன் தன் காதலி எழுதிய கடிதத்தை' என்று ஆரம்பித்தால் நேரம் முடிந்துவிடும். மனவேதனை என்று சொல்வதும் தவறு, அதை முடிவு செய்ய வேண்டியது பார்வையாளர். 'படித்துறை. மாடசாமி. கடிதத்தைப் பிரிக்காமல் கிழிக்கிறான். துண்டுகள் ஆற்றில்.' இவ்வளவுதான் முடியும். இப்போது எழுத்துவரிப் பக்கம். "ஏல, எங்கன போய்ட்டு வாற?" என்ற வசனத்தை 'எங்கே போய்விட்டு வருகிறாய்?' என்று திருத்திப் போட்டால் ஊரே தொலைந்துவிடும். அப்படியே போட்டால் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்ற காதுகேளாத வாசகருக்குத் தடுமாற்றம் வரலாம், ஏனென்றால் அவருடைய முதல் மொழி சைகை. எந்த இடத்தில் வட்டார வழக்கை வைப்பது, எந்த இடத்தில் விடுவது என்பதைப் பாளையங்கோட்டையில் அவரிடமே காட்டிக் கேட்கலாம். சென்னை ஸ்டூடியோவில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

சைகை மொழி பெயர்ப்பாளராகவே ஆக விரும்புபவருக்கு வழி தெளிவாக இருக்கிறது. 2015-ல் டெல்லியில் அமைக்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் பாடத்திட்டத்தில் இரண்டு வருட மொழிபெயர்ப்புப் பட்டயம் உண்டு. பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். நீதிமன்றம், மருத்துவமனை, காவல் நிலையம், தொலைக்காட்சிச் செய்தி என எங்கும் தேவை இருக்கிறது. தொடர்பியல் பட்டத்தோடு இந்தப் பட்டயமும் இருப்பவரை மாவட்டத்தில் விரல் விட்டு எண்ணலாம்.

அறிவியலும் சூழலும் இன்னொரு பக்கம். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம், மேற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், மணிமுத்தாற்றில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்தும், ஏட்ரீ என்ற சூழல் ஆராய்ச்சி அமைப்பின் அகத்தியமலை மையம் என்று ஒரே மாவட்டத்துக்குள் இவ்வளவு இருக்கிறது. 2011-ல் ஃபுகுஷிமாவுக்குப் பிறகு இடிந்தகரையில் போராட்டம் வெடித்தபோது, ஒரு பக்கம் நிபுணர் குழு, மறுபக்கம் கடற்கரை மக்கள். நிபுணர் பேசியது ஊருக்குப் புரியவில்லை, ஊரின் அச்சம் நிபுணருக்கு அறியாமையாகப் பட்டது. யார் பக்கம் நியாயம் என்ற வாதம் இருக்கட்டும். இரு தரப்பையும் நம்பகமாகப் பெயர்த்துச் சொல்ல ஆள் போதாமல் போனதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

தொல்லியலிலும் இதே நிலைதான். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் அது என்னென்னவோ ஆகிவிட்டது. கரிமப் பரிசோதனையில் கிடைக்கும் காலம் அந்த உமி விளைந்த காலத்தைச் சொல்லும். தாழி புதைத்த காலத்துக்கு அது நெருங்கிய சான்று. ஆற்றங்கரை முழுவதற்கும் அதுவே பிறந்த தேதி ஆகிவிடாது. இதைப் பெருமையும் குறையாமல், பொய்யும் சேராமல் எழுதத் தெரிந்தவருக்கு அருங்காட்சியகங்களில் வேலை உண்டு: கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே வரும் ஐந்து வரி, ஒலி வழிகாட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்கான காணொளி. ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் வந்த பிறகு இதற்காகக் கீழடி வரை போக வேண்டியதும் இல்லை.

கல்யாண வீடியோவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. விஸ்காம் முடித்த பையன்களில் நிறையப் பேருக்கு உண்மையில் சோறு போடுவது அதுதான். ஆனித் தேரோட்ட நேரலை, கோயில் கொடை, காதுகுத்து எல்லாம் சேர்ந்தால் முகூர்த்த மாதங்களில் தூங்க நேரம் இருக்காது. ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் காசுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும், வயது 18, படிப்பு பத்தாம் வகுப்பு. கூடங்குளம், மகேந்திரகிரி, விஜயநாராயணம் பக்கம் பெண் வீட்டார் எவ்வளவு வற்புறுத்தினாலும் ட்ரோன் பறக்கத் தடையுள்ள பகுதிகளைக் காட்டும் வரைபடத்தைப் பார்க்காமல் மேலே ஏற்றாதீர்கள். விஜயநாராயணத்தில் இருப்பது ஐ.என்.எஸ். கட்டபொம்மன். கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசும் கடற்படை நிலையம் அது. அதுவும் ஒரு வகைத் தொடர்பியல்தான், நமக்கு வேலை தராது, அவ்வளவே.

அரசு வேலை என்றால் செய்தி மக்கள் தொடர்புத் துறை. மாவட்டத்துக்கு ஒரு செய்தி மக்கள் தொடர்பு அலுவலர், கீழே உதவி அலுவலர்கள். இடங்கள் குறைவு, அறிவிப்பு எப்போதாவது வரும். தகவல் சரிபார்ப்பு இன்னொரு புது வேலை: மாநில அரசு 2023-ல் தகவல் சரிபார்ப்பகம் அமைத்தது, அதற்கு முன்பிருந்தே யூடர்ன் போன்ற தனித் தளங்கள் தமிழில் இதைச் செய்கின்றன. அரசே அரசைப் பற்றிய செய்தியைச் சரிபார்ப்பது எவ்வளவு சரி என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனால் பழைய படத்தின் மூலத்தைத் தேடிப் பிடிக்கும் திறமை எங்கே போனாலும் செல்லும்.

மேலே படிக்க விரும்புபவருக்கு 1965-ல் தொடங்கிய டெல்லி இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் இருக்கிறது. அதன் வளாகம் ஒன்று கோட்டயத்திலும் உண்டு, நெல்லையிலிருந்து அது பக்கம்தான். கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுநிலைத் தேர்வை எழுத வேண்டும். படம் எடுப்பதே நோக்கம் என்றால் புனே, கொல்கத்தா திரைப்பட நிறுவனங்களும் தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனமும். பாடம் நடத்தும் ஆசை இருந்தால் யு.ஜி.சி. நெட் தேர்வில் பாட எண் 63. இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், அதை வைத்துக்கொண்டு வில்லுப்பாட்டையோ சுடலைமாடன் கொடையையோ ஊரிலேயே இருந்து ஆராயலாம். மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தின் பாடங்களை எடுத்தால் மதிப்பெண்ணைப் பட்டத்தில் சேர்க்கவும் வழி இருக்கிறது, துறைத் தலைவரிடம் பருவம் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக இன்டர்ன்ஷிப். பாடத்திட்டத்தில் கட்டாயம் என்றவுடன் எல்லாரும் சென்னைக்கு ரயில் ஏறுகிறார்கள். சம்பளம் இல்லாத இரண்டு மாதத்துக்கு விடுதி வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் வீட்டுக் காசு. முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ பீடி சுற்றிப் படிக்க வைக்கும் அம்மாவுக்கு அது சின்னத் தொகை இல்லை. அங்கே போய்ப் பாதி நாள் ஸ்கிரிப்ட் ஜெராக்ஸ் எடுத்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். உள்ளூர்ப் பதிப்பு, வானொலி நிலையம், மணிமுத்தாறு மையம், காதுகேளாதோர் பள்ளி, அருங்காட்சியகம் என்று எதில் செய்தாலும் கடிதம் கடிதம்தான், மதிப்பெண்ணும் அதேதான். எந்த இடமானாலும் சேரும் முன்பே மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: தினமும் எத்தனை மணி நேரம், பயணப்படி உண்டா, செய்த வேலையில் பெயர் வருமா. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் கேட்க மறந்துவிடுகிறார்கள். அடுத்த வேலைக்குப் போகும்போது காட்டக் கையில் இருப்பதும் அது ஒன்றுதான்.